41 வயதிலை கையெழுத்தைத் திருத்த என்ன வழி?

குளக்கட்டு:

உறவுகளுக்கு வணக்கம்.

முல்லைத்தீவு மாவட்டத்திலை, ஒட்டுசுட்டான் பக்கத்துக் கமக்கார (விவசாயிகள்) அமைப்பு ஒன்றுக்குச் செயலாளராக இருக்கிறேன். வயது 41, வலக்கை. கூட்ட அறிக்கை, உறுப்பினர் பெயர்ப்பட்டியல், வாய்க்காலுக்குத் தண்ணி விடுகிற முறை, கமநல சேவை நிலையத்துக்குப் போகிற கடிதம் எல்லாம் கையாலைதான். கணினியிலை அடிக்கலாம்தானே எண்டு சொல்லாதேங்கோ. கூட்டம் மரத்தடியிலை நடக்குது, அறிக்கைப் புத்தகத்திலை எழுதி அந்த இடத்திலையே கையொப்பம் வாங்க வேணும்.

சிக்கல்கள்:

ஒரு பக்கத்தின் முதல் ஏழெட்டு வரி ஒழுங்காக வரும். அதுக்குப் பிறகு எழுத்து சிறுத்து, ஒண்டோடு ஒண்டு ஒட்டி, வரியின் கடைசியிலை கோட்டை விட்டு மேலே ஏறிவிடும். வசனம் வாசிக்கலாம், ஆனால் பெயர்களைத் தப்பாக வாசிக்கினம். பட்டியலிலை பெயர் பிழைச்சால் அந்தக் குடும்பத்துக்குத்தான் அலைச்சல். 15 நிமிடம் எழுதினால் பெருவிரலடி நோகும். தாளின் மறுபக்கத்தைத் தடவினால் எழுத்து புடைச்சுக்கொண்டு தெரியும்.

பாவிக்கிறது சாதாரணக் குமிழ்முனைப் பேனையும் சீ.ஆர். கொப்பியும் (தடித்த மட்டை போட்ட பெரிய கொப்பி). இந்த வயதிலை மாறுமா? எதிலை தொடங்கிறது, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், எந்தக் கொப்பி, எந்தப் பேனை? அழகு வேண்டாம், ஆர் எடுத்தாலும் பிழையில்லாமல் வாசிக்க வேணும்.

—

கரும்பலகை:

மாறும் தம்பி. ஆனால் அரிச்சுவடியை எடுத்து வைச்சு 247 எழுத்தையும் திரும்ப எழுதத் தொடங்காதேங்கோ. வளர்ந்தவர்கள் பலர் அப்படித்தான் தொடங்கி, "ஙௌ" வரைக்கும் போகமுதல் கொப்பியை மூடிவிடுகினம். வளர்ந்த ஆளின்ரை கையிலை எல்லா எழுத்தும் கெட்டிருக்காது. ஏழெட்டு வடிவம்தான் கெட்டிருக்கும். அவை வரிக்கு வரி திரும்ப வாறதாலை முழுப் பக்கமும் கெட்டமாதிரித் தெரியும். அந்த ஏழெட்டையும் கண்டுபிடிக்கிறதுதான் முதல் வேலை.

பழைய கலியாண அழைப்பிதழ் மட்டை ஒண்டு எடுங்கோ. நடுவிலை ஒரு எழுத்து மட்டும் தெரியிற அளவுக்கு, ஏறக்குறைய 1 செ.மீ. சதுரமாக ஓட்டை வெட்டுங்கோ. மூன்று மாதத்துக்கு முந்தி எழுதின பக்கத்திலை மட்டையை வைச்சு ஒவ்வொரு எழுத்தாக நகர்த்துங்கோ. பக்கத்து எழுத்து தெரியாமல் இது என்ன எழுத்து எண்டு உங்களுக்கே ஒரு கணம் யோசனை வந்தால் அந்த எழுத்தைத் தனித்தாளிலை குறியுங்கோ. 200 எழுத்துப் பார்த்தால் போதும், எது அடிக்கடி வருகுது எண்டு தெரிஞ்சிடும்.

ஏன் மட்டை எண்டால், சொல்லின் பொருள் பிழையை மறைச்சுவிடும். "தீர்மானிக்கப்பட்டது" எண்ட சொல்லை எவ்வளவு கிறுக்கினாலும் வாசிக்கலாம், அடுத்த எழுத்து என்னவாக இருக்கும் எண்டு மூளை நிரப்பிக்கொள்ளும். பெயருக்கு அந்த உதவி கிடையாது. உங்கடை வசனம் தப்பி, பெயர் மட்டும் பிழைக்கிறதுக்குக் காரணம் அதுதான்.

வழக்கமாக மாட்டுப்படுகிறவை இவை:

குற்று, அதாவது மெய்யெழுத்தின் தலையிலை வைக்கிற புள்ளி. இதுதான் முதல் எதிரி. வேகமாக எழுதேக்கை சொல்லை முடிச்சுவிட்டுத் திரும்பிவந்து குற்று வைக்கிற பழக்கம் வந்துவிடும், கை அதுக்குள்ளை வலப்பக்கம் நகர்ந்திருக்கும், குற்று அடுத்த எழுத்தின் தலையிலை விழும். பழகிற காலத்திலை அந்த எழுத்து முடிஞ்ச உடனே குற்று, பிறகுதான் அடுத்த எழுத்து. ஓலையிலை எழுதின காலத்திலை எழுத்தாணி ஓலையைப் பொத்துவிடும் எண்டு குற்று வைக்காமலே விட்டவை, வாசிக்கிறவர் இடம் பார்த்து வாசிச்சார். பட்டியலைப் பார்த்து இன்னொரு படிவத்தை நிரப்புகிற உத்தியோகத்தருக்கு அது ஏலாது.

ர-வும் அரவும் (கா, பா-விலை வாற ா). ர-வுக்குக் கீழே சரிந்த கால் இருக்க வேணும், அது கோட்டுக்குக் கீழே இறங்க வேணும். அரவு கோட்டிலையே நிற்க வேணும். கால் இல்லாட்டில் "பரந்தன்" "பாந்தன்" ஆகும்.

ண, ன. மூன்று சுழி ண-வை அவசரத்திலை எழுதினால் நடுச்சுழி நசிஞ்சு ன ஆகிவிடும். அகலத்திலை வித்தியாசம் வையுங்கோ: ன ஒரு பங்கு எண்டால் ண ஒன்றரைப் பங்கு.

க, சு. க-வின் வலப்பக்க வளைவு மூடாமல் கீழே இழுபட்டால் சு. அதேபோல த-வின் இடப்பக்கம் திறந்துபோனால் ந மாதிரித் தெரியும். ல-வின் வலப்பக்கம் மேலேறி உள்ளே வளைய வேணும், வ-வின் வலப்பக்கம் நேர்க்குத்து. இரண்டையும் ஒரே கோணத்திலை முடிச்சால் "வவுனிக்குளம்" எழுதினது எது எண்டே தெரியாது.

ெ, ே. இரட்டைக்கொம்பின் மேற்சுழியை விடுகிறது. கி, கீ-யும் அப்படித்தான், விசிறியின் (மேலே வளைகிற ி, ீ குறியின்) நுனிச்சுழி கண்ணுக்குத் தெரிய வேணும்.

நேரம்: நாளைக்கு 20 நிமிடம், அதையும் பத்துப் பத்தாகப் பிரியுங்கோ. கிழமைக்கு இரண்டு எழுத்துக்கு மேலை எடுக்க வேண்டாம். ஒரு எழுத்துக்கு மூன்று வரி, வரிக்குப் பத்து. வரி முடிஞ்சதும் நிறுத்தி, அந்தப் பத்திலை எது திறமாக வந்திருக்கு எண்டு பார்த்து அதுக்குக் கீழே சின்னக் கோடு போடுங்கோ. அடுத்த வரிக்கு மாதிரி அதுதான், அச்செழுத்து இல்லை. ஒரே எழுத்தை நூறு தரம் எழுதிறது கெடுதல். முப்பதுக்குப் பிறகு கவனம் போய்விடும், கை கடைசியாக எழுதின கெட்ட எழுபதையும் சேர்த்துப் பழகும்.

நாலு கிழமையிலை எட்டு எழுத்து. பிறகு இரண்டு கிழமை சொற்கள். அதுவரைக்கும் அறிக்கைப் புத்தகத்திலை வழமைபோல எழுதுங்கோ, புதுசையும் பழசையும் கலந்து மனசைக் குழப்ப வேண்டாம். முதல் கிழமைக்கு 2பீ பென்சிலும் சின்னப்பிள்ளையளின் இரட்டைக்கோட்டுக் கொப்பியும் நல்லது. பென்சில் தாளிலை கொஞ்சம் உரசிப் பிடிக்கும், கை வழுக்காது.

—

மைக்கூடு:

கரும்பலகை அக்கா சொன்ன ஓட்டை மட்டை முறை மிகச் சரி. பென்சில் விடயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. குளக்கட்டு ஏற்கெனவே தாள் புடைக்கிற அளவுக்கு அழுத்துகிறவர். பென்சிலில் அழுத்தினால் கோடு கறுப்பாகும், அது அழுத்துகிறவருக்குப் பிடித்துப்போகும். அழுத்தாமல் எழுதக்கூடிய பேனையை முதல் நாளே எடுக்க வேண்டும்.

குமிழ்முனைப் பேனையின் மை எண்ணெய்ப்பசை மாதிரி, தடிப்பு. உருண்டை உருள வேண்டுமென்றால் ஓரளவு அழுத்தம் தேவை. ஜெல் பேனையில் மை நீரை அடிப்படையாகக் கொண்டது, பேனையின் பாரமே போதும். பழகுவதற்கு 0.7 மி.மீ. ஜெல் எடுங்கள். 0.5 வேண்டாம், முனை கூர் என்பதால் அழுத்துகிறவர் கையில் மெல்லிய தாளைக் கீறும். ஆனால் அறிக்கைப் புத்தகத்துக்கு ஜெல் பொருந்தாது. ஒரு துளி மழையோ வியர்வையோ பட்டால் பல ஜெல் மைகள் கரையும். அங்கே பழையபடி குமிழ்முனைதான், 1.0 மி.மீ. முனையாகப் பார்த்து வாங்குங்கள், 0.7 குமிழ்முனையைவிட இலேசாக ஓடும். பிடிக்கிற கோணமும் முக்கியம். குமிழ்முனையை மிகவும் சரித்துப் பிடித்தால் உருண்டையைச் சுற்றியுள்ள உலோக விளிம்பு தாளில் உரசும், மை விட்டுவிட்டு வரும், உடனே இன்னும் அழுத்துவோம். 60 பாகை அளவில் நிமிர்த்திப் பிடியுங்கள்.

பேனையின் தடிப்பு: மண்வெட்டி பிடிக்கிற கைக்கு மெல்லிய பேனை பகை. விரல்கள் அதை நசுக்கிப் பிடிக்கும். பழைய சைக்கிள் ரியூப்பில் 3 செ.மீ. நீளத் துண்டு வெட்டி, முனையிலிருந்து 2 செ.மீ. தள்ளிச் சுற்றி ஒட்டுங்கள். பேனையின் குறுக்களவு 11, 12 மி.மீ. வந்தால் போதும். வழுக்கல் போகும், வியர்வைக்கும் பிடிக்கும், நசுக்குவதும் தானாகக் குறையும்.

பிடி: பேனை நடுவிரலின் பக்கத்தில் சாய வேண்டும், பெருவிரலும் சுட்டுவிரலும் மேலிருந்து தொட மட்டும் செய்ய வேண்டும். முனையிலிருந்து 2.5 முதல் 3 செ.மீ. மேலே. சுட்டுவிரலின் நுனி மூட்டு உள்ளே மடிந்து, நகக்கண் வெளுத்தால் அழுத்துகிறீர்கள். வரி முடியும்போதெல்லாம் சுட்டுவிரலை ஒரு தரம் பேனையிலிருந்து தூக்கிப் பாருங்கள். பேனை விழாமல் நின்றால் பிடி சரி.

வரி மேலே ஏறுவதற்குக் காரணம் பெரும்பாலும் தாள்தான், கை இல்லை. தாள் நேராக இருந்து முழங்கை ஓரிடத்தில் ஊன்றியிருந்தால், கை முழங்கையை மையமாக வைத்து வில்லாகத்தான் சுழலும். வரியின் கடைசியில் ஏறாமல் என்ன செய்யும்? வலக்கைக்காரர் தாளின் மேற்பக்கத்தை இடப்பக்கமாக 20 முதல் 30 பாகை சரிக்க வேண்டும். இடக்கை தாளைப் பிடித்திருக்க வேண்டும். பக்கத்தின் கீழ்ப்பாதிக்கு வரும்போது கையைக் கீழே இறக்காமல் தாளை மேலே தள்ளுங்கள். "முதல் ஏழெட்டு வரி ஒழுங்கு, பிறகு கெடும்" என்பதில் பாதி இதனால்தான் இருக்கும்: சீ.ஆர். கொப்பியின் அடிப்பகுதியில் மணிக்கட்டு மேசைக்கு வெளியே தொங்கும். மரத்தடியில் மடியில் வைத்து எழுதுவதென்றால் கொப்பியைவிடப் பெரிய பலகை ஒன்று, நான்கு பக்கமும் 5 செ.மீ. கூடுதலாக, கட்டாயம் வேண்டும்.

அடிக்கோட்டுத் தாள் ஒன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள், காலத்துக்கும் உதவும். 80 கிராம் ஏ4 வெள்ளைத்தாள், அடிமட்டம், கறுத்தத் தடித்த பேனை. மேலும் கீழும் 2 செ.மீ. விடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் நான்கு கோடு: மேல் இடைவெளி 3 மி.மீ. (விசிறியும் குற்றும் நிற்குமிடம்), நடு 5 மி.மீ. (எழுத்தின் உடல்), கீழ் 4 மி.மீ. (ர, த, ந, ற, ழ ஆகியவற்றின் கால்). ஒரு வரிக்கு 12 மி.மீ., பக்கத்துக்கு 21 வரி வரும். இதன்மேல் வேறொரு வெள்ளைத்தாளை வைத்து, இரண்டையும் உடுப்புக் கிளிப்பால் பிடித்து எழுதினால் கோடு ஊடாகத் தெரியும். சின்னப்பிள்ளைகளின் இரட்டைக்கோட்டுக் கொப்பியில் கீழ் இறங்கும் கால்களுக்குத் தனி எல்லை இல்லை. பெரியவர்கள் எழுத்தில் அடுத்த வரியோடு முட்டுவது அந்தக் கால்கள்தான்.

முதல் இரண்டு கிழமையும் இதைவிடப் பெரிதாக, 5, 8, 6 என்ற அளவில் எழுதினால் இன்னும் நல்லது. பிழை பெரிதாகத் தெரியும். அப்போது பக்கத்துக்கு 13 வரி.

வெக்கைக்கு: எழுதும் கையின் கீழே எப்போதும் மடித்த வெள்ளைத்தாள் ஒன்று இருக்கட்டும். உள்ளங்கை வியர்வை தாளில் பட்ட இடத்தில் குமிழ்முனை மை பிடிக்காமல் விட்டுவிட்டு எழுதும். பேனை பழுதென்று எறிந்துவிடுவார்கள், பழுது தாளில். மோட்டார் சைக்கிள் பெட்டியில் பேனையை வெயிலில் விடாதீர்கள், மை இளகி முனையில் கட்டியாக நிற்கும். மாரியில், கார்த்திகை மார்கழி ஈரத்தில் கொப்பி நமுத்துப்போகும், அப்போது ஜெல் மை ஊறிப் பரவும். கொப்பியைப் பொலித்தீன் பையில் போட்டு வையுங்கள்.

—

குளக்கட்டு:

அக்கா, மைக்கூடு அண்ணை, இரண்டு பேருக்கும் நன்றி. நேற்றிரவு மட்டை வெட்டி 200 எழுத்தும் பார்த்துவிட்டேன். கூடக் கெட்டது இவை: குற்று 19 இடத்திலை இல்லை அல்லது இடம்மாறி, ர 11, ண 7, உகர எழுத்துகள் (து, று, ணு, கு, ரு) எல்லாம் சேர்த்து 14, ே 5. க-வும் ல-வும் பரவாயில்லை. தாளைச் சரிச்சவுடனே வரி ஏறுகிறது நின்றுவிட்டது.

உகரத்துக்கு என்ன செய்யலாம்? அது ஒண்டொண்டும் ஒரு வடிவம், ஒரே பயிற்சிக்குள்ளை அடங்குமாப்போல தெரியேல்லை. அடுத்தது, வயலுக்குப் போய்வந்த பிறகு எழுதினால் கை நடுங்குது.

—

கரும்பலகை:

நல்ல கணக்கு. குற்றிலையும் ர-விலையும் தொடங்குங்கோ, அது இரண்டும் திருந்தினாலே பக்கத்தின் முகம் மாறும்.

உகரம் 18 வடிவம் இல்லைத் தம்பி, மூன்று குடும்பம்.

கு, டு, மு, ரு, ழு, ளு: எழுத்தின் வலப்பக்கத்திலிருந்து கோடு கீழே சுற்றி வளையும்.

ஙு, சு, பு, யு, வு: எழுத்திலிருந்து நேராகக் கீழே ஒரு குத்துக்கோடு.

ஞு, ணு, து, நு, லு, று, னு: அடியிலை வளைஞ்சு வலப்பக்கமாக மேலே எழும்பும். இந்தக் குடும்பம்தான் நெடிலாகும்போது அரவு மாதிரி ஒண்டையும் சேர்க்கும்: தூ, லூ, னூ.

உங்கடை பட்டியலிலை து, று, ணு மூன்றாம் குடும்பம், கு, ரு முதலாம் குடும்பம். அவசரத்திலை ஒரு குடும்பத்து முடிவை மற்றதுக்குப் போடுறதாலைதான் று-வும் ரு-வும் ஒண்டாகத் தெரியுது. ஒரு நாளைக்கு ஒரு குடும்பம் எடுத்து, உகரக் கோட்டை மட்டும் தனியாக ஒரு வரி எழுதிவிட்டுப் பிறகு எழுத்தோடு சேருங்கோ. வளைவு கீழ் இடைவெளிக்குள்ளை முடியவேணும், அடுத்த வரிக்குள்ளை போகக்கூடாது.

சொல் எழுதுகிற கிழமை வரேக்கை வேறை பயிற்சிப் புத்தகம் தேடவேண்டாம். எங்கடை ஊர்ப்பெயரே போதும், உங்கடை பட்டியலிலையும் விலாசத்திலையும் தினமும் வாறதும் அதுதானே.

புதுக்குடியிருப்பு: பு, து, கு, ரு. மூன்று உகரக் குடும்பமும் ஒரே பெயருக்குள்ளை. நாளுக்கு ஐந்து தரம்.

தண்ணீரூற்று: ண், ணீ அடுத்தடுத்து, பிறகு ரூ, ற், று. ணீ-யின் விசிறிச்சுழி ரூ-வோடை முட்டாமல் இருக்க வேணும்.

நெடுங்கேணி: ெ-யும் ே-யும் ஒரே சொல்லிலை. இரண்டு கொம்பும் ஒரே மாதிரி வந்தால் உடனே பிடிபடும்.

துணுக்காய், ஒட்டுசுட்டான், கனகராயன்குளம், முழங்காவில். கனகராயன்குளத்திலை ரா இருக்கு: ர-வின் கால் கீழே, அரவு கோட்டிலை.

கை நடுக்கத்துக்கு: மண்வெட்டி, அரிவாள் பிடிச்ச கை ஒரு மணித்தியாலமாவது இறுகிக்கொண்டுதான் இருக்கும். அந்த நேரத்திலை பழகினால் இறுகின பிடியைத்தான் கை பழகும். பயிற்சியை விடிய, வயலுக்குப் போகமுதல் வையுங்கோ. பின்னேரம் எழுதத்தான் வேணும் எண்டால், விரல் ஐந்தையும் முழுக்க விரிச்சு ஐந்து எண்ணும்வரை வைச்சு விடுங்கோ, பத்துத் தரம். பிறகு தோளிலிருந்து கை முழுக்க அசைய, பெரிய வட்டங்கள் ஒரு பக்கம்.

பென்சில் விடயத்திலை மைக்கூடு சொன்னதை ஏற்கிறேன். அழுத்துகிற கைக்கு ஜெல்தான் சரி.

—

பதிவேடு:

பெயர்களைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். பட்டியலில் அதற்கு அடுத்தபடி பிழைக்கிறது இலக்கம். அதைச் சரி செய்வது எழுத்தைவிட இலகு, ஒரே கிழமையில் முடியும்.

1 வெறும் குத்துக்கோடு, தலையில் கொக்கி வேண்டாம். 7-க்கு நடுவில் சின்னக் குறுக்குக்கோடு. 4-இன் தலை திறந்திருக்க வேண்டும், மூடினால் 9. 0 முழுதாக மூட வேண்டும், வால் விட்டால் 6. 5-இன் மேற்கோட்டைக் கடைசியாக, உடலோடு ஒட்டிப் போடுங்கள். விலகி நின்றால் 5 என்பது 3 அல்லது 6 ஆகத் தெரியும். இலக்கம் எல்லாம் ஒரே உயரம், எழுத்தின் உடலைவிடச் சற்றே உயரமாக.

தேசிய அடையாள அட்டை இலக்கம் புதியதென்றால் 12 இலக்கம். 4, 3, 5 எனக் கண்ணால் பிரித்து எழுதி, பிரித்தே சரிபாருங்கள். முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதனோடு 500 கூட்டியிருக்கும். ஆளைத் தெரிந்திருந்தால் முதல் நான்கிலேயே பிழை பிடிபடும். பழைய அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும். அந்த எழுத்தைப் பெரிய எழுத்தாகவே போடுங்கள்.

காணி அளவை ஏக்கர், றூட், பேர்ச் என மூன்று நிரலாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். ஒரே பெட்டிக்குள் 2-1-20 என்று எழுதினால் இடைக்கோடு 1 ஆக வாசிக்கப்படலாம். உர அளவில் கி.கி. என்பதையும் மூடை என்பதையும் கலக்காதீர்கள். நிரலின் தலைப்பில் ஒன்றை மட்டும் எழுதி, கீழே வெறும் இலக்கம். பணத்துக்கு 2,500/= என்று முடித்து, முக்கியமான தொகையை எழுத்திலும் எழுதுங்கள்.

திருத்தம்: அறிக்கைப் புத்தகத்தில் ரிப்பெக்ஸ் (வெள்ளைத் திருத்த மை) வேண்டாம், எழுத்தின் மேலேயே எழுத்து எழுதவும் வேண்டாம். பிழையான சொல்லை ஒற்றைக் கோட்டால் வெட்டி, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வையுங்கள். வெட்டுப்பட்டதும் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பிறகு ஆரும் கேள்வி கேட்டால் அதுவே உங்களுக்குப் பாதுகாப்பு.

வேகம்: கூட்டத்தில் பேசுவதை எல்லாம் எழுத முயல்வதால்தான் எழுத்து கெடுகிறது. அறிக்கைக்குத் தேவை நான்கே விடயம்: பிரேரித்தவர், ஆமோதித்தவர், தீர்மானம், பொறுப்பெடுத்தவரும் திகதியும். இந்த நான்குக்கும் முதல் நாளே நிரல் போட்டு வைத்தால் எழுத வேண்டியது பாதியாகக் குறையும். "உறுப்பினர் வரவு", "சென்ற கூட்ட அறிக்கை வாசிக்கப்பட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டது" போன்ற வழமையான வரிகளையும் வீட்டிலேயே எழுதிக்கொண்டு போகலாம்.

பழகின எழுத்தை வேகத்துக்குக் கொண்டுவர, ஒரே பந்தியை (40 சொல் அளவில்) நாளுக்கு ஒரு தரம் நேரம் பார்த்து எழுதுங்கள். இன்று 4 நிமிடம் என்றால் நாளை 3 நிமிடம் 50 விநாடி. எழுதினதை ஓட்டை மட்டையால் பாருங்கள். பிழை கூடினால் அடுத்த மூன்று நாளும் பழைய வேகத்துக்குப் போக வேண்டும். வேகம் கூடும்போது முதலில் தொலைவது குற்றும் சொல்லிடைவெளியும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் ஒரு "ட" அகலம் விடுங்கள்.

—

ஈச்சமரம்:

இடையிலை வாறதுக்கு மன்னிக்க வேணும். இதெல்லாம் வலக்கைக்குச் சொன்னது. இடக்கைக்காரருக்கு?

—

மைக்கூடு:

தாளின் மேற்பக்கம் வலப்பக்கமாகச் சரிய வேண்டும், 30 பாகை வரை. தாள் உடலின் நடுவுக்குச் சற்று இடப்பக்கம். பிடியை முனையிலிருந்து 3.5 செ.மீ. அளவில் சற்று மேலே எடுங்கள், அப்போதுதான் எழுதியது கண்ணுக்குத் தெரியும். மணிக்கட்டு வரிக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே கொக்கியாக வளைத்து எழுதினால் கை நோகும், எழுதினதன் மேலேயே கை உரசும். ஜெல் பேனை வேண்டாம், காயமுதல் அழியும், குமிழ்முனையே நல்லது. வெளிச்சம் வலப்பக்கமிருந்து வர வேண்டும். வலக்கைக்கு இடப்பக்கமிருந்து.

வெளிச்சம் பற்றிச் சொல்லும்போது குளக்கட்டுக்கும் ஒன்று. நாற்பது தாண்டினால் கிட்டப் பார்வை குறையத் தொடங்கும். கொப்பியை 40 செ.மீ. தூரத்தில் வைத்து வாசிக்க முடியாமல் தள்ளிப் பிடிக்கிறீர்கள் என்றால் முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். கோடு தெரியாமல் கோட்டில் எழுத முடியாது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் இரவில் விறைத்து நித்திரை குழம்பினால் அது மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவதாக இருக்கலாம், பயிற்சியைக் கூட்டாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். பிடியைச் சரியாக்கி, இளைப்பாறி எழுதத் தொடங்கின பிறகும் எழுத்து வரவரச் சிறுத்துக்கொண்டே போனாலும் அப்படியே.

—

குளக்கட்டு:

விரல் விறைப்பு இல்லை அண்ணை, நோவு மட்டும்தான். ரியூப் சுத்தினதும் அதுவும் குறைவு. நிரல் போடுற யோசனை பெரிய உதவி, வாற கூட்டத்துக்கே செய்யிறேன்.

கடைசியாக ஒண்டு. முந்தின செயலாளர் ணை, லை, ளை, னை எல்லாத்தையும் துதிக்கை மாதிரி மேலே வளைச்சு எழுதியிருக்கிறார். என்ரை கையும் பாதி அப்படித்தான் போகுது, பாதி கொம்பு போட்டு வருகுது. எதை வைச்சிருக்கிறது?

—

கரும்பலகை:

இரண்டும் பிழையில்லை, கலக்கிறதுதான் பிழை. தமிழ்நாட்டிலை 1978-இலை எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது 13 எழுத்துக்கு வடிவம் மாறினது: ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ, ணை, லை, ளை, னை. எங்கடை பாடப்புத்தகமும் இப்ப அந்தப் புது வடிவம்தான். அதாலை இப்பத்தைய இளம் உத்தியோகத்தருக்குத் துதிக்கை வடிவம் பழக்கமில்லை, னை-யைப் பார்த்து ஒரு கணம் நிற்பினம். பட்டியலுக்கும் கடிதத்துக்கும் கொம்பு போட்ட வடிவத்தையே வையுங்கோ.

கொம்பை எழுத்துக்கு மிகக் கிட்ட வையுங்கோ, ஒரு மில்லிமீற்றர் இடைவெளி போதும். தூரப்போனால் அது முந்தின எழுத்தோடை சேர்ந்து வாசிக்கப்படும். பழகிறதுக்கு நாலு பெயர்: இரணைமடு, செம்மலை, முள்ளியவளை, குமுழமுனை. நாலு எழுத்தும் வந்திடும். பழைய பக்கங்களைத் திருத்தப் போகாதேங்கோ, ஆட்கள் கையொப்பம் வைச்ச பக்கம் அது. அப்படியே இருக்கட்டும்.